கத்தரிக்கோல் யார் கையில்? – கடிதம்

வணக்கம்.

தையல் எந்திரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு வரி இடித்தது. தையல் தொடக்கத்திலிருந்தே பெண்களின் வேலை என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அப்படியானால் பெண்கள் உடையில் பெரிய பெயர்களாக வொர்த், புவாரே, தியோர் என்று ஆண்களையே சொல்கிறார்களே, அது எப்படி? என் அம்மா முப்பது வருடம் வீட்டிலேயே பெண்களுக்கு உடை தைத்தவர். எல்லோருக்கும் அவர் 'தைக்கிற அம்மா'தான். டிசைனர் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் எழுதியது தப்புதான். ஊசி பெண்கள் கையில் இருந்தது என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கத்தரிக்கோலின் கதை வேறு.

பாரிஸில் 1675 வரை பெண்களின் மேலுடையை வெட்டித் தைக்கும் உரிமைகூட, சட்டப்படி, ஆண் மாஸ்டர்களின் தையற்காரர் சங்கத்திடம்தான் இருந்தது. பெண்கள் தைக்காமல் இல்லை; ஒளித்து வைத்துத் தைத்தார்கள். பிடிபட்டால் அபராதம், துணி பறிமுதல். அந்த ஆண்டுதான் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தைக்கும் பெண்களுக்குத் தனிச் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று பெண்களின் நாணம்: பெண்ணுக்குப் பெண்ணே உடை தைப்பதுதான் முறையாம். ஆனால் கொடுத்ததிலும் ஒரு பிடி வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கும் சின்னப் பையன்களுக்கும் மட்டுமே தைக்கலாம். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான மேற்கச்சு ஆண்களிடமே இருந்தது. வெட்டும் கணக்கும் அதிகம் தேவைப்பட்ட உருப்படி அதுதான்.

வெட்டுவதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பட்டு விலை அதிகம், தையல் கூலி குறைவு. தவறாகப் போட்ட தையலைப் பிரித்துவிடலாம். தவறாக வெட்டிய பட்டுத் துணியை என்ன செய்வது? அந்தக் காலத்துப் பெண் தையற்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மேன்டுவா என்ற தளர்வான அங்கி அப்போது பரவியிருந்தது. நீளத் துணியை முடிந்தவரை வெட்டாமல், ஆளின் மேலேயே போட்டு, மடிப்பு வைத்து, குண்டூசி குத்தி உருவாக்குவது. பின்னால் பிரித்தால் துணி முழுசாகக் கிடைக்கும், வேறு உடை தைக்கலாம். ஆங்கிலத்தில் பெண்களுக்குத் தைப்பவளுக்கே மேன்டுவா மேக்கர் என்று பெயர் வந்தது. வெட்டத் தெரியாதவர்களின் வேலை என்று இதைச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெட்டாமலே உடம்புக்குப் பொருத்துவதும் ஒரு வடிவமைப்புதானே?

அடுத்தது பெயர். புகழ் முதலில் வந்ததே ஒரு பெண்ணுக்குத்தான். மரி அந்துவானெத் அரசிக்கு உடை அலங்காரம் செய்துகொடுத்த ரோஸ் பெர்த்தானை 'ஃபேஷன் மந்திரி' என்று கேலியாகச் சொல்லும் அளவுக்கு அவருக்கு அரண்மனையில் செல்வாக்கு இருந்தது. ஆனால் அவர் பெயர் உடையின் மேல் இல்லை. 1858இல் பாரிஸில் கடை திறந்த ஆங்கிலேயர் சார்ல்ஸ் ஃபிரெடெரிக் வொர்த் அதைச் செய்தார். அதுவரை வாடிக்கையாளர் துணி வாங்கி வந்து, இப்படித் தை, அப்படித் தை என்று சொல்வார், தைப்பவர் கேட்டுக்கொள்வார். வொர்த் துணியையும் தானே கொடுத்தார், வடிவத்தையும் தானே முடிவு செய்தார், உள்ளே தன் பெயர்ப் பட்டியைத் தைத்தார். பெண்ணுக்கு ஆண் அளவெடுப்பதா என்று ஊர் பேசியது. 1675இல் பெண்களுக்குக் கைகொடுத்த நாணம் இந்தமுறை அவர்களுக்கு உதவவில்லை, பாவம்.

இதில் பலரும் தாண்டிப்போகும் ஒருவர் அவர் மனைவி மரி வெர்னே. இருவரும் முன்பு ஒரே துணிக்கடையில் வேலை பார்த்தவர்கள். வொர்த் தைத்த எளிய உடைகளை மரி உடுத்திக்கொண்டு நிற்க, வந்தவர்கள் எனக்கும் அதேபோல வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு வொர்த்தின் வரைபடங்களை ஆஸ்திரியத் தூதரின் மனைவி பாலின் மெட்டர்னிக்கிடம் கொண்டுபோய்க் காட்டியதும் மரிதான். அந்த வழியாகத்தான் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி வாடிக்கையாளர் ஆனார். பட்டியில் மரியின் பெயர் இல்லை.

இன்னொரு பக்கம் ஆன் லோ. 1953இல் ஜாக்குலின் புவியே ஜான் கென்னடியை மணந்தபோது உடுத்திய கவுனைத் தைத்த கருப்பினப் பெண். திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறையில் தண்ணீர் புகுந்து உடைகள் பாழாயின. நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டு மறுபடியும் வெட்டித் தைத்துக் கொடுத்தார். கவுனை வர்ணித்த செய்திகள் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை.

முன்பு எழுதியதில் தையல் எந்திரத்தையும் நான் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேன். தைக்கும் நேரம் குறைந்தது உண்மை. மிச்சமான நேரத்தைச் சுருக்கும் ஃபிரில்லும் தின்றுவிட்டன. வீட்டுப் பெண்ணின் கையில் கத்தரிக்கோலைத் தைரியமாகப் பிடிக்க வைத்தது காகித அச்சு, அதாவது துணிமேல் வைத்து வெட்டுவதற்கான காகித மாதிரி. அமெரிக்காவில் எலன் டெமரெஸ்ட் 1860 வாக்கிலேயே அதை விற்றார். 1863இல் பட்டரிக் என்ற தையற்காரர் அளவு வாரியாகக் கொண்டுவந்தார்.

அப்புறம், மதலேன் வியோனே என்ற பிரெஞ்சுப் பெண் வடிவமைப்பாளர். பதினோரு வயதில் தையல் பழகப் போனவர், 1912இல் சொந்தக் கடை திறந்தார். சின்ன மரப்பொம்மையின் மேல் துணியைப் போட்டுப் போட்டுத்தான் வடிவத்தைக் கண்டுபிடிப்பார். பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் குறுக்கே, மூலைவாட்டில், துணியைத் திருப்பினால் அது இழுபட்டு உடம்போடு போகும் என்பதை அவரைப்போலப் பயன்படுத்தியவர் யாருமில்லை. தன் உடைகளை நகலெடுக்கிறார்கள் என்று, பெயர்ப் பட்டியில் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார்.

இனி உங்கள் அம்மா. அவர் தைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். துணியை வெட்டியது யார்? அவரே என்றால், அளவைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தா, ஆளைப் பார்த்ததும் கண்ணாலேயேவா? கேட்டு எழுதுங்கள்.