பட்டாளத்துக்காரர் வீட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கோபி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் கொடி நாள் நிதி வசூலிக்கிறோம், யாராவது பேசுகிறார்கள், அதோடு முடிந்துவிடுகிறது. போரில் பணியாற்றியவர்களை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மனதில் நிறுத்த என்ன செய்யலாம்? எங்கள் ஊரில் போரில் இறந்தவர் என்று யாரும் இல்லை.

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இறந்தவர் இல்லாமல் இருக்கலாம், போய் வந்தவர் இருப்பார். நம் பக்கத்து ஊர்களில் வழி சொல்லும்போதே "மிலிட்டரிக்காரர் வீட்டைத் தாண்டி வாங்க" என்பார்களே, அந்த வீடு போதும். "நம்ம ஊர்லிருந்து பட்டாளத்துக்குப் போனவங்க யாரு?" என்ற ஒரே கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். அப்பாருவும் அப்பத்தாவும் பதில் சொல்லட்டும். கிடைத்த பெயர்களை வைத்துத் தலைமையாசிரியர் வழியாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதினால் சரிபார்க்க உதவி கேட்கலாம்.

பெயர் கிடைத்ததும் பிள்ளைகளை ஒரு நடுகல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். கொங்குப் பகுதியில் புலியோடு போராடி இறந்தவனுக்கு எடுத்த புலிக்குத்திக் கல் பல ஊர்களில் நிற்கிறது. கிட்டத்தில் இல்லையென்றால் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. எழுத்துள்ள பழைய நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு, நடந்த சம்பவம், விழுந்தவனின் பெயர் ஆகியவை சில வரிகளில் அடங்கிவிடும். அடைமொழி அடுக்கு இருக்காது. உங்கள் பிள்ளைகளும் அப்படியே எழுதட்டும்: பெயர், படைப்பிரிவு, போன இடம், செய்த வேலை. சமையல் செய்தவர், லாரி ஓட்டியவர், கம்பியில்லாத் தந்தி பார்த்தவர், காயத்துக்குக் கட்டுப்போட்டவர் எல்லோரும் அதில் வர வேண்டும். சாதிப் பெயர் மட்டும் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

அடுத்தது நேர்காணல். முழு வகுப்பையும் கூட்டிப் போகாதீர்கள். மூன்று பிள்ளைகள், உடன் நீங்கள், முன்கூட்டியே கேட்டு வாங்கிய அனுமதி, அவ்வளவு போதும். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று எந்தப் பிள்ளையும் கேட்டுவிடக் கூடாது. அந்தக் கேள்வி ஒருவரை மீண்டும் அந்த இரவுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் தடவை ஊரை விட்டு ரயில் ஏறியது, பனியில் காலுறை காயாதது, இந்தி தெரியாமல் பட்ட பாடு, வீட்டுக் கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆனது என்று கேட்கச் சொல்லுங்கள். பேச்சு தானாக வரும். நடுவில் அவர் மௌனமானால் காத்திருங்கள், அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். அப்புறம், அவர் மனைவியிடமும் கேளுங்கள். கணவர் எல்லையில் இருந்த வருடங்களில் மாட்டையும் காட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் சொல்வதும் போரின் கதைதான்.

டிரங்குப் பெட்டியில் பதக்கம் இருந்தால் அது ஒரு நல்ல பாடம். பூர்வி ஸ்டார் என்றால் 1971 போரில் கிழக்குப் பகுதியில் இருந்தவர். பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கில் இருந்தவர். சமர் சேவா ஸ்டார் 1965 போருக்கு உரியது. பல பதக்கங்களின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம். புளி போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

யாருடைய கொள்ளுத் தாத்தாவாவது உலகப் போரில் இறந்ததாகக் குடும்பத்தில் பேச்சு இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அதில் இருக்கிறது. தேடும்போது ஈரோடு என்று போட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஈரோட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்ததே 1979இல்தான். அன்றைக்குக் கோபியும் பவானியும் கோயம்புத்தூர் மாவட்டம், நாமக்கல்லும் தருமபுரியும் சேலம் மாவட்டம். பழனிச்சாமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு இடத்தில் மிகவும் கவனம் தேவை. உங்கள் ஊர்க்காரர் 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவராக இருக்கலாம். பவானிசாகர், அரச்சலூர் முகாம்களில் வளரும் ஈழத்துப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதற்காகப் பெரியவரை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் வீட்டு நினைவையும் மறைக்கச் சொல்லாதீர்கள். ஒரு படைவீரர் இட்ட வேலையைச் செய்து உயிரைப் பணயம் வைத்தார் என்பதை மதிக்கலாம், அந்தப் போர் சரியா என்பதைத் தனியாகப் பேசலாம். இரண்டும் வேறு என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளும். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் மட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

கொடி நாளுக்கு வருவோம். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதியைக் கடைப்பிடிக்கிறோம். கொடியில் உள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்கும். நிதி, போரில் இறந்தவர் குடும்பத்துக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர் நலனுக்கும் போகிறது. உண்டியலை நீட்டும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம். காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை ஒவ்வொருவராக வாசிக்கட்டும். பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் நிழலில் நாற்காலி போடுங்கள். வாசிக்கப் போவதை அதற்கு ஒரு வாரம் முன்பே அவரிடம் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள்.