வலி மாத்திரையைப் பையில் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மே மாதம் நண்பர்களுடன் இத்தாலியின் சார்டினியா தீவில், ஓல்பியாவிலிருந்து காலியரி வரை 6 நாள் சைக்கிள் பயணம் போகிறேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். பயிற்சியில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. நரம்புக் கோளாறா? முழங்கால் வலிக்கு டைக்குளோஃபெனாக் எடுத்துச் செல்லலாமா?

பதில்: நீங்கள் விரலுக்காகக் கவலைப்படுகிறீர்கள், எனக்குக் கவலை உங்கள் கடைசிக் கேள்வியில்தான்.

உங்கள் மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சுருக்கமாகத் தயசைடு, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் தன் வடிகட்டும் அழுத்தத்தைக் காத்துக்கொள்ள முயலும். அந்த முயற்சியின் ஒரு வழியை டெல்மிசார்டன் அடைக்கிறது. இன்னொன்றை டைக்குளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை அடைக்கின்றன. நாள் முழுதும் வியர்த்த உடலில் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். ஆகவே டைக்குளோஃபெனாக் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் கொண்டுபோங்கள். முழங்காலின் முன்பக்கம்தான் வலி என்றால், பெரும்பாலும் இருக்கை தாழ்வாக இருக்கும். சற்று உயர்த்தி, லேசான கியரில் மிதித்துப் பாருங்கள்.

கிழக்குக் கரைச் சாலையில் போவதானால், டோர்காலி என்ற ஊருக்குத் தெற்கே 1,017 மீட்டர் உயர ஜென்னா சிலானா கணவாய் வரும். அந்த ஏற்றத்தில் ஊர்கள் அரிது. சிற்றூர்க் கடைகள் பலவும் மதியத்தில் அடைத்திருக்கும். டோர்காலியிலேயே பாட்டில்களை நிரப்பிவிடுங்கள். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பதே தெரியாது. அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கவும் கூடாது. தயசைடு சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் எளிதில் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் அதன் அறிகுறிகள். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், உப்பான உணவும் சாப்பிடுங்கள்.

கிளம்பும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம் பரிசோதித்து, பயண நாட்களில் மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்றத்தில் நெஞ்சு இறுகினால் இறங்கி உட்கார்ந்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள்.

விரல் விஷயம்: உள்ளங்கையின் அடிப்பகுதி கைப்பிடியில் அழுந்தி, அந்த வழியே சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் செல்லும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. மெத்தை வைத்த கையுறை உதவும். பிடியை அடிக்கடி மாற்றுங்கள். இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் எடை கைக்கு வந்துவிடும், அதைச் சமமாக்குங்கள். (தொடையிடுக்கு மரத்துப்போவதை ஆண்கள் எழுதுவதே இல்லை. அப்படியிருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.) இரவு ஓய்வுக்குப் பிறகும் மரமரப்பு நீடித்தாலோ, சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டாலோ, பயணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.