டைகர் நட்: பையில் வளருங்கள், தரையில் வேண்டாம்

கேள்வி: கடையில் டைகர் நட் வாங்கிச் சாப்பிட்டோம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது, அதில் போடலாமா? கடையில் வாங்கியதே முளைக்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முளைக்கும், ஆனால் தோல் உரித்ததும் வறுத்ததும் முளைக்காது, சுருங்கிப்போய் பழுப்பாக, தோலோடு இருக்கிறதே, அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கல் மாதிரி இருந்தது உப்பி வழவழப்பாகிவிடும்.

அந்த அரை சென்டில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். பெயரில்தான் நட், உண்மையில் இது கிழங்கு. நம் வயல்களில் களையெடுத்து மாளாத கோரை இருக்கிறதே, அதன் நெருங்கிய சொந்தம். ஒரு கிழங்கு ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கில் பெருகும், அறுவடையில் கைக்குத் தப்பிய நாலைந்து போதும், அடுத்த வருஷம் உங்கள் கத்தரிப் பாத்தி முழுக்க அதுதான் நிற்கும். குரோ பேக்கிலோ அகலமான தொட்டியிலோ வையுங்கள், அதையும் மண் தரையில் வைக்காமல் சிமென்ட் தளத்திலோ மாடியிலோ வையுங்கள், ஏனென்றால் அடித்துளை வழியாகவும் இறங்கிவிடும்.

மண் பொலபொலவென்று இருக்கணும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். களிமண் வேண்டாம், அறுவடையில் கிழங்கைப் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஓர் அங்குல ஆழத்தில், அரை அடிக்கு ஒன்றாக ஊன்றி, நல்ல வெயிலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி. யூரியா பக்கம் போகாதீர்கள், புல்தான் செழிக்கும். பகல் குறையும்போது கிழங்கு நன்றாகப் பிடிக்கும் என்பதால் ஆடியில் ஊன்றுவது நல்லது, ஐப்பசி மழையில் மட்டும் பையில் தண்ணீர் தேங்க விடக்கூடாது.

நான்கைந்து மாதத்தில் தாள் மஞ்சளாகிச் சாயும். அப்போது தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் பையைக் கவிழ்த்து, சல்லடையில் போட்டுச் சலியுங்கள். வேர் நுனியில் ஒவ்வொன்றாக, கொண்டைக்கடலை அளவில் தொங்கும். கழுவி நிழலில் காயவைக்கக் காயவைக்க இனிப்பு ஏறும், ஸ்பெயினில் வலென்சியா பக்கம் மூன்று மாதம் வரை காயவைக்கிறார்கள். அங்கே இதை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரை போட்டு, ஜில்லென்று ஓர்சாட்டா என்று குடிக்கிறார்கள். நீங்களும் செய்து பாருங்கள், அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மாவுச்சத்து இறுகிக் கஞ்சியாகிவிடும்.

கேள்வி: எங்கள் வயல் கோரையிலும் கிழங்கு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. உங்கள் வயலில் இருப்பது பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற கோரைக்கிழங்குதான். ஒரே வேரில் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும், கடித்தால் கசக்கும், பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். டைகர் நட்டின் பூங்கொத்து மஞ்சள் கலந்த பழுப்பு, கிழங்கு இனிக்கும்.