பால்மா பக்கற்றுக்கு "லொறிக் கூலி" கேட்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டம் மஸ்கெலியா டவுனுக்கு மேலே இருக்கிறது. லயத்துப் பக்கம் உள்ள ஒரே கடையில்தான் மாதச் சாமான் எடுக்கிறோம். 400 கிராம் பால்மாவுக்குப் பக்கற்றில் போட்டிருப்பதைவிட 80 ரூபா கூட எடுக்கிறார்கள். கேட்டால் லொறிக் கூலி என்கிறார்கள். சில பக்கற்றுகளில் விலைக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலுக்கு 20 ரூபா "கூலர் காசு". நிறுத்துத் தரும் பருப்புக்கு விலை எழுதிவைப்பதே இல்லை. பில் கேட்டால், "கொப்பியில் இருக்குத்தானே" என்கிறார்கள். கடன் கணக்கும் அதே கடையில்தான். என்ன செய்யலாம்?

பதில்: பால்மா பக்கற்றில் அச்சிட்டிருப்பது உச்ச சில்லறை விலை. ஏற்றி இறக்கும் கூலி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்குள் அடங்கியவை. கொழும்பில் எந்த விலையோ அதேதான் உங்கள் லயத்துக் கடையிலும். குறைத்து விற்கலாம், ஒரு ரூபாகூடக் கூட்டி விற்க முடியாது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் லொறி ஏற்றுவது சுலபமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் செலவைக் கடைக்காரர் விநியோகத்தரிடம்தான் பேசித் தீர்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விலை குறிப்பது பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்குக் கொடுக்கிறது. அந்தப் பணிப்புரையை மீறுவது குற்றம்.

ஸ்டிக்கர் விடயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், எல்லா ஸ்டிக்கரும் தவறானதல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் சாமானில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, விலை போட்ட ஸ்டிக்கர் இருப்பது வழக்கம். அது முறையானது. ஏற்கெனவே அச்சிட்ட விலையை மறைத்து, வெறும் எண்ணை மட்டும் போட்டு ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை. விலைக் குறியை அகற்றுவது, அழிப்பது, மாற்றுவது, அப்படி மாற்றிய சாமானை விற்பது அனைத்தும் 11ஆம் பிரிவின்படி குற்றம். விலை ஏறும் காலத்தில்தான் இது அதிகம் நடக்கும்: கடையில் கிடக்கும் பழைய சரக்கின் மேல் புது விலையை ஒட்டிவிடுவார்கள். ஸ்டிக்கரை நீங்களே உரித்துப் பார்க்காதீர்கள். உரித்தால் அடியிலுள்ள மை சேர்ந்து வந்துவிடும், "நீங்கள்தான் கிழித்தீர்கள்" என்ற வாதத்துக்கும் இடமாகும். பக்கற்றைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியிலுள்ள எழுத்து பல நேரம் தெரியும். அந்தக் கோணத்தில் ஒரு படம், தொகுதி இலக்கமும் உற்பத்தித் திகதியும் தெரிய இன்னொரு படம் எடுங்கள். பால்மாவைப் போத்தலில் கொட்டியதும் வெறும் பக்கற்றை அடுப்பில் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

தண்ணீர்ப் போத்தலில் நடப்பது இதைவிடப் பாரதூரமானது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வர்த்தமானிக் கட்டளை 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 70 ரூபா, 1 லீற்றருக்கு 100 ரூபா என்று உச்ச விலை விதித்தது. குளிரூட்டியதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் அதில் இல்லை. இத்தகைய கட்டளையை மீறினால், 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி, தனிநபர் கடைக்காரருக்கு முதல் தடவையே 100,000 ரூபாவிலிருந்து 500,000 ரூபா வரை தண்டம், அல்லது 5 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பனியாக இருந்தால் தண்டம் 500,000இலிருந்து 50 இலட்சம் வரை. அரிசிக்கும் 2024 டிசம்பரில் இப்படி உச்ச விலை விதித்தார்கள்: உள்ளூர் நாட்டரிசி கிலோ 230 ரூபா, பச்சையரிசி 220 ரூபா. வாங்கும் நாளில் எந்த விலை செல்லும் என்பதை அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வர்த்தமானி மாறிக்கொண்டே இருக்கும்.

பருப்பில் உங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். உச்ச விலை விதிக்கப்படாத, பக்கற்றில் அடைக்காத சாமானுக்குக் கடைக்காரர் தானே விலை வைக்கலாம். டவுனைவிடக் கூட விற்பது மட்டும் குற்றமாகாது. ஆனால் அந்த விலையைக் கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே பருப்பு, சீனி, உருளைக்கிழங்கு பற்றிய முறைப்பாட்டில் "விலை அதிகம்" என்று எழுதாதீர்கள், "விலைப் பட்டியல் வைக்கவில்லை" என்று எழுதுங்கள். பல முறைப்பாடுகள் தவறான காரணத்தை எழுதுவதால்தான் நிற்காமல் போகின்றன. தராசிலும் ஒரு கண் வையுங்கள்: சாமான் வைக்கும் முன் பூச்சியம் காட்ட வேண்டும், அளவீட்டு அலகுகள் நியமங்கள் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும்.

பில்லுக்கு வருவோம். வாங்குபவர் கேட்டால் திகதி, அளவு, விலை குறித்த பற்றுச்சீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. கேட்டால்தான் கடமை என்பதால், வாய்திறந்து கேளுங்கள். கடைக்காரரின் கொப்பி அவர் கையில் இருப்பது, அது உங்களுக்குத் தந்த பற்றுச்சீட்டு ஆகாது. துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தாலும் பரவாயில்லை, திகதியும் கடையின் பெயரும் இருக்கட்டும். மெஷின் பில்லின் எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படமெடுங்கள். கடனுக்குத் தருவதாலும் அச்சிட்ட உச்ச விலை மாறிவிடாது.

முறைப்பாட்டை 1977க்குச் சொல்லலாம், அல்லது நுவரெலியா மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபை அலுவலகத்துக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன இடத்திலுள்ள இன்ன கடையில் 400 கிராம் பால்மா ஒன்று வாங்கினேன். தொகுதி இலக்கம் இது. அச்சிட்ட விலை இவ்வளவு, என்னிடம் பெற்றது இவ்வளவு. பில் கேட்டேன், தரவில்லை. படங்கள் இணைப்பு. என் பெயரைக் கடைக்காரருக்குத் தெரியப்படுத்த வேண்டாம்."

இதற்கு முன் கடையில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அதிகாரிகள் பெரும்பாலும் சாதாரண வாடிக்கையாளர் போல வந்து வாங்கிப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அவர்கள் வாங்கியதே சான்றாகிவிடுவதால், நீதவான் நீதிமன்றத்துக்கு உங்களை அழைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் வராது. ஆனால் தண்டப்பணம் அரசுக்குப் போகும், உங்கள் 80 ரூபா அதிலிருந்து திரும்பி வராது. உத்தரவாதத்துடன் வாங்கிய ரைஸ் குக்கர் போன்றது பழுதானால் வழி வேறு: விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 13ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் முறையிட்டால், பணத்தைத் திருப்பவோ பொருளை மாற்றித் தரவோ அதிகார சபை உத்தரவிட முடியும்.

உங்கள் கடன் கணக்கு அதே கடையில் இருப்பதுதான் எனக்குக் கவலை. முறைப்பாடு போகும் முன், சம்பளத்தன்று கணக்குக் கட்டும்போது, பாக்கி எவ்வளவு என்று கொப்பியில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திகதியோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் எதைக் கூட்டி எழுதினாலும், அன்றைய பாக்கி இவ்வளவுதான் என்று காட்ட உங்களிடம் ஒரு சான்று இருக்கும்.