வரி இல்லை, சரி, ரிட்டர்ன் உண்டா?

கேள்வி: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 71. மாதம் 43,000 ரூபாய் ஓய்வூதியம். வைப்புத்தொகைக்கு வருஷம் 42,000 வட்டி. வேறு வருமானம் இல்லை. 12 லட்சம் வரை வரி இல்லை, அதனால் வருமானவரி ரிட்டர்ன் (வருஷ வருமானக் கணக்கைக் காட்டும் படிவம்) போட வேண்டாம் என்கிறார் கூட வேலை பார்த்த ஒருவர். கட்டாயம் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர். என் அக்காவுக்கு (66) குடும்ப ஓய்வூதியம் மாதம் 24,000. அத்தான் இறந்தபோது வந்த பணத்தை வங்கியில் போட்டதில் வட்டி 1,12,000. அதில் 11,200 ரூபாயை வங்கி வரியாகப் பிடித்துவிட்டது. அரசு கொடுக்கும் பணத்துக்கே அரசிடம் கணக்குக் காட்ட வேண்டுமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், மேலூர்

பதில்: ஐயா, நீங்கள் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். அக்காவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் உங்கள் இருவரில் முதலில் போட வேண்டியவர் அக்காதான். ஏன் என்று சொல்கிறேன்.

நண்பர் சொன்ன 12 லட்சம் பொய்யில்லை. புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் அது வரியைக் கணக்குப் போட்ட பிறகு கிடைக்கிற தள்ளுபடி. வரி ஆரம்பிக்கிற கோடு 4 லட்சத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியவர் கணக்கைக் காட்டித்தான் தள்ளுபடியை வாங்க வேண்டும். மதுரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான், இருந்தாலும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுக்கிறார் அல்லவா? கட்டணம் இல்லை, டிக்கெட் உண்டு. உங்கள் நிலைமையும் அதுதான்.

உங்கள் கணக்கு: மாதம் 43,000 என்றால் வருஷத்துக்கு 5,16,000. பணி ஓய்வூதியத்தைச் சட்டம் சம்பளமாகவே பார்க்கிறது. அதனால் வேலையில் இருப்பவருக்கு உள்ள 75,000 ரூபாய் நிலையான கழிவு உங்களுக்கும் உண்டு. கழித்தால் 4,41,000. வட்டி 42,000 சேர்த்தால் 4,83,000. கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். 4 லட்சத்துக்கு மேல் உள்ள 83,000-க்கு 5 சதவீதம், அதாவது 4,150 ரூபாய் வரி. தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடும். கையிலிருந்து ஒரு பைசா போகாது.

இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். 43,000 என்பது பாஸ்புக்கில் விழும் தொகையா, பிடித்தத்துக்கு முந்தைய தொகையா? மருத்துவக் காப்பீட்டுச் சந்தா போன்றவை கழிவதற்கு முன்னால் உள்ள தொகைதான் கணக்கில் வர வேண்டும். கருவூலத்தில் ஃபார்ம் 16 (வருஷ ஓய்வூதியத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்) வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக உங்கள் 42,000-ஐ விட்டுவிடக் கூடாது. பிடிக்காத வட்டியும் வருமானம்தான்.

ஓய்வு பெற்ற அன்று மொத்தமாக வாங்கிய கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்குவது), கிராஜுட்டி (பணிக்கொடை) இரண்டுக்கும் அரசு ஊழியருக்கு வரி கிடையாது. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து அக்கா. பலர் தவறு செய்வது இங்கேதான். குடும்ப ஓய்வூதியம் சட்டத்தின் கண்ணில் சம்பளம் இல்லை, 'பிற வருமானம்'. அதனால் 75,000 கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அது மட்டும் கழியும். அக்காவுக்கு வருஷம் 2,88,000. 25,000 போனால் 2,63,000. வட்டி 1,12,000 சேர்த்தால் 3,75,000. கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறார், வரியே கிடையாது. அப்படியானால் அந்த 11,200 ரூபாய் முழுக்க முழுக்க அவருடைய பணம். வருஷ ஆரம்பத்தில், 'எனக்கு வரி வராது' என்று மூத்த குடிமக்கள் எழுதித் தரும் 15எச் படிவம் கொடுத்திருந்தால் வங்கி பிடித்திருக்காது. பிடித்த பிறகு வங்கியில் போய்க் கேட்டுப் பயனில்லை. ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். கட்டாயம் இல்லாதவர் முதலில் போட வேண்டும் என்று அதனால்தான் சொன்னேன்.

என் அம்மாவுக்கு இதே போல ஒரு தொகை திரும்ப வர வேண்டியிருந்தது. ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டும் பணம் வரவில்லை. கடைசியில் பார்த்தால், பான் கார்டில் தாத்தாவின் இனிஷியல், பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல். வங்கியில் பெயரைத் திருத்தி, கணக்கை வருமானவரித் தளத்தில் மறுபடி சரிபார்த்த பிறகுதான் வந்து சேர்ந்தது. நம் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறாத பெண்கள் எத்தனை பேர்? அக்காவின் பான் கார்டையும் பாஸ்புக்கையும் இன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் இருவருக்குமே ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். ஜூலை 31 கடைசி நாள். தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம். ஆனால் உங்களுக்கு 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் விழும். ஒரு ரூபாய் வரி இல்லாதவர் ஆயிரம் ரூபாய் தண்டம் கட்டுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஐயா. அப்புறம், போட்டவுடன் முடிந்துவிடாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாமலே விட்டால் போட்டதாகவே கணக்கில் வராது.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் போடுவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மொபைல் நம்பர், மெயில் இரண்டும் உங்களுடையதாகவோ உங்கள் பிள்ளைகளுடையதாகவோ இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவார். நாளைக்கு வருமானவரித் துறை அனுப்பும் செய்தி உங்களுக்கு வராது, அவருக்குப் போகும். திரும்ப வரும் தொகையில் பங்கு கேட்பவரிடமும், இல்லாத செலவைக் காட்டி அதிகம் வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் அக்காவின் காகிதங்களைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கையெழுத்து அக்காவுடையது, பதில் சொல்ல வேண்டியதும் அக்காதான்.

75 வயதானால் ரிட்டர்னே வேண்டாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் மட்டும் வந்து, அந்த வங்கியில் உறுதிமொழியும் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. தபால் ஆபீஸில் ஒரு வைப்புத்தொகை இருந்தாலும் பொருந்தாது. அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் ஃபார்ம் 16 வாங்கிவிடுங்கள். நேரில் ஒருவரிடம் கேட்டால்தான் மனம் ஆறும் என்றால், வருமானவரி அலுவலகம் பீபிகுளத்தில் இருக்கிறது. போகும்போது பான், ஆதார், பாஸ்புக், வங்கி கொடுத்த டிடிஎஸ் சான்றிதழ் நாலையும் எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட அழைத்துப் போங்கள்.