கோல்ஃப் புட்டருக்கு விலை உயர்ந்த ஷாஃப்ட் போட்டால் புட்டிங் மேம்படுமா?

"என் புட்டரில் இருக்கும் சாதாரண எஃகு ஷாஃப்டைக் கழற்றிவிட்டுக் கார்பன் இழையில் செய்த உயர்ரக ஷாஃப்டைப் பொருத்தலாம் என்றிருக்கிறேன். விலை புட்டரையே தாண்டுகிறது. புட்டிங் உண்மையிலேயே மேம்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோல்ஃப் தெரியாமல் படிப்பவர்களுக்கு: பந்தைக் குழியை நோக்கி மெதுவாகத் தள்ளும் மட்டை புட்டர், அப்படித் தள்ளுவது புட்டிங், மட்டையின் தண்டு ஷாஃப்ட். என் அனுபவத்தில் மேம்படவில்லை. 2021-இல் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் 4,000 தென்னாப்பிரிக்க ரேண்டுக்கு மேல் எடுத்துக் கொடுத்தவன் நான். அதனால்தான் இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோக மனம் வரவில்லை.

நீங்கள் வாரம் ஒரு முறை ஆடுபவராக இருப்பீர்கள். பதினெட்டுக் குழிக்கு 36 புட்டுக்கு மேல் போயிருக்கும். மூன்றடித் தூரத்தில் நின்ற பந்தைத் தவறவிட்டு வீடு திரும்பிய இரவில் அந்த ஷாஃப்டின் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும். எனக்கு நடந்தது அதுதான். உங்கள் நிலைமை வேறு என்றால் மன்னிக்கவும், ஆனாலும் கீழே உள்ளதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். இரும்பு எப்படி வளையும், எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று கையால் தெரிந்தவன். கடைக்காரர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணமே அதுதான். "எஃகு ஷாஃப்ட் கீழே போகப்போக மெலிந்துவிடுகிறது. இந்தக் காலத்துப் புட்டர்களின் தலையோ கனத்துக்கொண்டே போகிறது. மெல்லிய கம்பியின் முனையில் கனமான தலை இருந்தால் அடிக்கும்போது முறுக்கத்தான் செய்யும், புட்டரின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், குறியை விட்டுத் திரும்பிக்கொள்ளும்" என்றார். புதிய ஷாஃப்டில் கார்பன் இழை அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது, உள்ளே அலுமினியம் வைத்து விறைப்பாக்கியிருக்கிறார்கள் என்றார். வீட்டுக்கு வந்து என் பழைய புட்டரின் தலையை வைஸ் என்ற இறுக்கிப்பிடியில் துணி சுற்றிப் பிடித்து, பிடியைக் கையால் திருகிப் பார்த்தேன். அசைந்து கொடுத்தது. கடையில் புதியதைத் திருகியபோது அசையவே இல்லை. அதற்குமேல் எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. மறுநாளே வாங்கினேன்.

நான் எங்கே தவறினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைஸில் வைத்து முழுக் கையால் திருகிய விசை எங்கே, பத்தடிப் புட்டுக்கு ஊஞ்சல்போல் மெதுவாக ஆட்டும்போது ஷாஃப்டின் மேல் விழும் விசை எங்கே! தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையால் ஓங்கி அடிப்பதும் புட்டரால் தள்ளுவதும் ஒன்றல்ல. அதோடு, பந்தும் புட்டரும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பந்து ஓரத்தில் பட்டால் தலை திரும்பத்தான் செய்கிறது, ஆனால் ஷாஃப்ட் அதை உணர்ந்து தடுப்பதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தைக் குறைப்பது தலையில் எடை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் தலையின் எடையை இரு ஓரங்களுக்கும் பிரித்து வைத்துப் பிங் புட்டரைச் செய்தாரே, அது உண்மையான முன்னேற்றம். இன்று கடையில் இருக்கும் புட்டர்களில் பெரும்பாலானவை அவர் போட்ட பாதையில் வந்தவை. ஷாஃப்டை அந்த வரிசையில் வைக்க என்னால் முடியாது.

புதிய ஷாஃப்ட் போட்ட முதல் மூன்று சனிக்கிழமைகள் 33, 34, 33 புட்டுகள். அதற்கு முன் 37, 38 என்று இருந்தவன் நான். கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நான்காம் வாரம் 37. ஐந்தாம் வாரம் 38. கையில் புதுப்பொருள் இருக்கும்போது மனிதன் கவனமாக ஆடுகிறான், பழகியதும் பழைய கைக்குத் திரும்பிவிடுகிறான்.

அப்போதுதான் என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எழுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் 'கேடி', அதாவது வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் பைகளைச் சுமந்த பையன். சொந்தமாக மட்டைகள் ஒரு முழு செட் வாங்கும்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். வீட்டு வராந்தாவில் நான் பழகுவதை நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் முகத்துக்குப் போடும் பவுடரை வாங்கி, ஈரத்துணியால் துடைத்த புட்டர் முகத்தில் மெல்லிசாகத் தட்டினார்.

"அடி, மருமகனே."

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பவுடரில் பந்து பட்ட தடம் வட்டமாகத் தெரியும். பார்த்துவிட்டுத் துடைப்பார், மறுபடி தட்டுவார். இருபது பந்துகள். பதின்மூன்று தடங்கள் நடுக்கோட்டில் இல்லாமல் ஷாஃப்ட் சேரும் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி இருந்தன. அடுத்து, பந்துக்கு மேல் புட் போடும் நிலையில் குனிந்து நிற்கச் சொன்னார். இன்னொரு பந்தை என் மூக்குத் தண்டில், இரு கண்களுக்கும் நடுவில் வைத்துக் கையை விடச் சொன்னார். விட்டேன். அது கீழே இருந்த பந்தின்மேல் விழவில்லை. நான்கு விரல் அளவுக்கு என் கால் பக்கமாக விழுந்து உருண்டது.

"நீளம் அதிகம். பந்தை விட்டு எட்டி நிற்கிறாய். கண் கோட்டின்மேல் இல்லாமல் எங்கோ இருந்தால் கை எப்படி நேராகப் போகும்? இதற்கு என்ன விலை கொடுத்தாய்?"

சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. "பழைய ஷாஃப்ட் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஐந்தரை அடி உயரம். கடையில் விற்கும் ஆண்களுக்கான புட்டர்களில் பெரும்பாலானவை 34, 35 அங்குலம். என்னுடையது 35. புதிய ஷாஃப்டையும் அதே நீளத்துக்குத்தான் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அளந்து பார்க்க வேண்டும் என்று கடையில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாமா பழைய எஃகு ஷாஃப்டைத் தலையில் திரும்பப் பொருத்தச் சொன்னார். பிடியைப் பிளேடால் கீறி உரித்தோம். மேல்முனையில் இரண்டு அங்குலம் அளந்து நானே ஹாக்சாவால் அறுத்து, அரத்தால் விளிம்பைத் தேய்த்தேன். இரட்டைப் பக்க ஒட்டுநாடா சுற்றி, டர்பன்டைன் ஊற்றி, புதிய பிடியை வழுக்கித் தள்ளினோம். நீளம் குறைந்தால் தலை லேசானதுபோல் கைக்குத் தோன்றும், அதற்குத் தலையின் அடியில் ஈயப்பட்டை ஒட்டினார். பிடியும் ஈயப்பட்டையும் சேர்ந்து 200 ரேண்டுக்குள் முடிந்தது. அன்று முதல் இன்றுவரை 33-க்கும் 35-க்கும் நடுவில்தான் இருக்கிறேன். மூன்றடிப் பந்தைத் தவறவிடுவது அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஓரம்வரை 54. மூன்று மீட்டர் தூரத்தில் பந்து கிளம்பும் திசை ஒரே ஒரு பாகை பிசகினால், குழியை அடையும்போது 52 மில்லிமீட்டர் விலகியிருக்கும். அதாவது ஓரத்தை உரசும். இரண்டு பாகை என்றால் குழியைப் பார்க்கவே செய்யாது. அந்தத் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்தைத் தொடும் கணத்தில் புட்டரின் முகம் பார்க்கும் திசை. முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நேராக வைத்திருப்பதாகக் கண் நம்பினால், உலகத்திலேயே விறைப்பான ஷாஃப்ட் அந்தத் தவறான திசையை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். உலகத்தின் சிறந்த தொழில்முறை வீரர்களே எட்டடித் தூரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். நாம் தவறவிடுவதற்கெல்லாம் கருவியில் காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் நாட்டு பாபி லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புட்டிங்கில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். எஃகு ஷாஃப்டை பிரிட்டனின் கோல்ஃப் ஆட்சிக்குழு 1929-இலேயே அனுமதித்துவிட்டது. லாக் 1949, 1950, 1952, 1957 என நான்கு முறை பிரிட்டனின் ஓப்பன் பட்டத்தை வென்றார். அவர் கையில் இருந்தது துருப்பிடித்த தலையும் ஹிக்கரி மரத் தண்டும் கொண்ட பழைய புட்டர். எஃகைவிட மரம் எத்தனை மடங்கு முறுக்கும் என்று பட்டறையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பப்வாவைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிலை முடித்தால் மாமா என்னோடு பேச மாட்டார். சூசங்கர் சூகோலம் என்பது பெயர், எல்லோருக்கும் பப்வா. தமிழரல்ல, ஆனால் எங்கள் டர்பன் இந்தியர், பீச்வுட் மைதானத்தில் கேடியாக இருந்தவர். வலது கைக்காரர் இடது கையை மேலே வைத்துப் பிடிப்பார். பப்வா அதற்குத் தலைகீழாக இடது கையைக் கீழே வைத்து எல்லா அடிகளையும் அடித்தார். அது தவறான பிடி என்றார்கள். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் வென்றபோது, அன்றைய நிறவெறிச் சட்டத்தின்படி கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. மற்றவர்கள் உள்ளே இருக்க, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965-இல் உலகப் புகழ்பெற்ற வீரர் கேரி பிளேயரையே முந்தி அதே பட்டத்தை மீண்டும் வென்றார். அதன்பின் அவரை ஆடவே விடாமல் செய்தார்கள். 1978-இல் இறந்தார். இன்று தொலைக்காட்சியில் பாருங்கள், அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத் உட்பட எத்தனை பேர் புட் போடும்போது இடது கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறார்கள்! நவீன உத்தி என்று அதற்குப் பாடம் நடத்துகிறார்கள். ஒரு கேடிப் பையன் தானாகக் கண்டுபிடித்த பிடி அது. மாமா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தடித்துவிடும். எனக்கும் அப்படித்தான்.

"கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு, சாட்ஸ்வொர்த் ஆளுக்கு எதற்கு?" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். நான் நகராட்சி மைதானத்தில் ஆடுகிறேன். என் செட்டைப் பழையதாகத்தான் வாங்கினேன். எங்கள் பெரியவர்கள் சுமந்த பையை நான் எனக்காகச் சுமக்கிறேன், அதற்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். போன மாதம் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பது பற்றி நான் எழுதிய பதிலின் கீழ் ஒருவர், "தென்னாப்பிரிக்காவில் தமிழ் எப்போதோ செத்துவிட்டது, இப்படிப் புத்தகத் தமிழில் எழுதுகிற நீங்கள் யாரோ போலி" என்று எழுதியிருந்தார். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்ததிலிருந்து நாங்கள் இங்கே இருக்கிறோம். வீட்டில் தமிழ் பேசுவோர் குறைந்துவிட்டார்கள், அது உண்மை, அது எனக்கு வலிக்கிறது. நான் தமிழ் எழுதப் படித்தது கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறையில், சனிக்கிழமை வகுப்பில், ஒரே பாடப்புத்தகத்தை நான்கு பேர் பங்கிட்டு. புத்தகத்திலிருந்து வந்த தமிழ் புத்தகத் தமிழாகத்தான் இருக்கும். அதைக் குறை என்று சொல்கிறவர் ஐந்து தலைமுறை கடல் கடந்து இருந்துவிட்டு எழுதிக் காட்டட்டும்.

ஷாஃப்டுக்கு வருகிறேன். விற்பவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் எழுதவில்லை, அப்படித் திரித்துப் படிக்க வேண்டாம். பொருள் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. கார்பன் ஷாஃப்டில் கைக்கு வரும் அதிர்வு குறைவு, அது சிலருக்குப் பிடிக்கும். ஷாஃப்டின் எடை மாறினால் தலையின் கனம் வேறுவிதமாகத் தெரியும், அதனால் தூரம் சீராக வருகிறது என்று சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் பொய் சொல்பவரல்ல. ஆனால் அவர் புட்டரை ஏற்கெனவே தன் உயரத்துக்கு அளந்து வெட்டியவர். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர், அதாவது நம்மைவிட நன்றாக ஆடுபவர்.

என்னுடைய 4,000 ரேண்ட் ஷாஃப்ட் அலமாரியின் மேல் இருக்கிறது. அக்காள் மகன் கேட்கிறான், அவன் ஆறடி இரண்டு அங்குலம், அவனுக்கு நீளம் சரியாக இருக்கலாம். முதலில் பவுடர் தட்டி இருபது பந்து அடித்துக் காட்டு, பிறகு தருகிறேன் என்றிருக்கிறேன்.

நீங்களும் அந்த இருபது பந்தை அடித்துப் பாருங்கள். தடங்கள் எங்கே விழுகின்றன, மூக்கிலிருந்து விட்ட பந்து எங்கே விழுகிறது, உங்கள் உயரம் என்ன, புட்டர் எத்தனை அங்குலம் என்று இதன் கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருவார், காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.