மின்சாரம் முதலில் தொடுவது எதை?

கேள்வி: டாக்டர், மூளைக்குள் கரண்ட் கொடுத்தால் நரம்பணு எப்படி இயங்கத் தொடங்குகிறது?

நரம்பணு சும்மா இருக்கும்போதும் அதன் சவ்வில் ஓர் இழுபறி இருந்துகொண்டே இருக்கும். வெளிப்பக்கத்தைவிட உட்பக்கம் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். இந்த இடைவெளி 55-ஐ ஒட்டிச் சுருங்கினால் போதும். சோடியம் வாயில்கள் திறந்து, வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) உள்ளே பாய்ந்து, ஒரு துடிப்பு கிளம்பிவிடும். நாம் அருகில் வைக்கும் எதிர்மின்முனை சவ்வின் வெளிப்பக்க மின்னழுத்தத்தை இறக்குகிறது. அதனால் இடைவெளி சுருங்குகிறது. நாம் கொடுத்த கரண்டே நரம்பு நெடுக ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கரண்டின் வேலை வாயிலைத் திறப்பதோடு முடிந்தது. அதன்பின் ஓடுவது நரம்பின் சொந்தப் பலத்தில்தான்.

கேள்வி: அப்படியானால் மின்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பணுக்கள் மட்டும்தானே தூண்டப்படும்?

நல்ல கேள்வி. நெடுங்காலம் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்: நடுவில் மின்முனை, அதைச் சுற்றி உருண்டையாகத் தூண்டப்பட்ட அணுக்கள், கரண்டைக் கூட்டினால் உருண்டை பெரிதாகும் என்று. 2009-இல் மார்க் ஹிஸ்டெட்டும் உடன் ஆய்வாளர்களும் எலி, பூனை ஆகியவற்றின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கில்) மிகக் குறைந்த கரண்ட் செலுத்தி, நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார்கள். உருண்டையைக் காணவில்லை. இங்கொன்று அங்கொன்றாக, தூரத்திலும்கூட அணுக்கள் ஒளிர்ந்தன (ஒளிர்ந்தால் அந்த அணு துடித்தது என்று பொருள்). மின்முனையைச் சில பத்து மைக்ரான் நகர்த்தியதும் வேறு அணுக்கள் ஒளிர்ந்தன.

காரணம் ஆக்ஸான். அணுவின் உடலைவிட, அதிலிருந்து நீளும் இந்த இழைதான் கரண்டுக்குச் சட்டென்று மசிகிறது. அணு தூரத்தில் குடியிருக்கும்; அதன் இழை மின்முனையை உரசிக்கொண்டு போகும். இழையில் கிளம்பிய துடிப்பு முன்னோக்கி மட்டுமின்றிப் பின்னோக்கியும் ஓடி அணுவுக்குள் ஏறும். மூளையைத் தூண்டுவது பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் பிடிப்பது வீட்டையல்ல, அவ்வழியே போகும் கம்பியை. பலனும் பக்கவிளைவும் இதிலிருந்தே புரியும்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்கின்சன். மூளைக்குள் மின்முனை வைக்கலாம் என்கிறார்கள். ஷாக் அடிப்பதுபோல் இருக்குமா?

இருக்காது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட் குழுவினர் தொடங்கிவைத்த சிகிச்சை இது. பல இடங்களில் நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறோம். கையில் பேனாவைக் கொடுத்து ஒரு சுருள் வரையச் சொல்வேன். முதலில் கோடு ரம்பப் பல்போல் வரும். கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது, அதே கை, அதே தாள், கோடு வழுக்கிக்கொண்டு போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்னும் கூட்டினால் வாய் ஒரு பக்கம் இழுக்கலாம், பேச்சு குழறலாம். பக்கத்தில் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைக்கற்றை இருக்கிறது. கரண்ட் அதையும் தொட்டுவிட்டது என்று அர்த்தம். குறைத்தால் உடனே சரியாகும். அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயப்படமாட்டார்.

கேள்வி: அப்பாவுக்கு வைக்கும் மின்முனை விநாடிக்கு 130 மின்துடிப்பு கொடுக்குமாமே, எதற்கு? இது தூண்டுவதா, அடக்குவதா?

இரண்டும்தான். ஒவ்வொரு துடிப்பும் சுமார் 60 மைக்ரோ விநாடிதான் நீடிக்கும். அவ்வளவு குறுகிய துடிப்புக்கு இழைகள் எளிதில் மசியும், அணு உடல்கள் லேசில் மசியாது. அணுவுக்கு வந்துசேரும் இழைகள் தூண்டப்பட்டு, அடக்கும் வேதிப்பொருளைக் கொட்டுவதால் அணு அமைதியாகலாம். அதே அணுவிலிருந்து வெளியேறும் இழையோ மின்முனையின் தாளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். நோயின் தாறுமாறான தாளத்தின்மேல் இந்தச் சீரான தாளம் படிந்துவிடுகிறது. விநாடிக்குப் பத்து என்று மெதுவாகக் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

கேள்வி: ஞாபகசக்திக்கு என்று தலையில் மாட்டும் பேட்டரிக் கருவி விற்கிறார்கள். மகனுக்கு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அதில் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் செலுத்துகிறார்கள். பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே போய்விடும். சவ்வில் ஏற்படும் மாற்றம் ஒரு மில்லிவோல்ட்கூடத் தேறாது. துடிப்பு கிளம்ப ஏறத்தாழ 15 மில்லிவோல்ட் (70-இலிருந்து 55-க்கு) வேண்டுமென்று மேலே பார்த்தோம். ஏற்கெனவே துடிக்கும் தறுவாயில் இருக்கும் அணுவைச் சற்றே முன்பின் தள்ளலாம், அவ்வளவே. கருவியின் மின்முனைக்கும் தோலுக்கும் நடுவில் வைக்கும் ஈரப் பஞ்சு காய்ந்துபோனால் தோல் புண்ணாகும். வலிப்பு வந்த பிள்ளை என்றால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தலையில் எதையும் மாட்டவே கூடாது.